யூனிட் டெஸ்ட்: ஸ்க்ரீன்ஷாட் காலமும் பச்சைக்கோட்டுக் காலமும்

2000-களின் தொடக்கத்தில், தரமணியில் டைடல் பார்க் திறந்த புதிதில், சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் "யூ.டி. முடிஞ்சுதா?" என்று டீம் லீடர் கேட்டால், அவர் கேட்பது ஒரு வேர்டு கோப்பை. டெவலப்பர் தான் எழுதிய திரையை ஓட்டி, ஒரு மதிப்பை உள்ளிட்டு, வந்த விடையோடு திரையைப் படம் பிடித்து அந்தக் கோப்பில் ஒட்டுவார். கீழே எதிர்பார்த்தது, கிடைத்தது, பாஸ் என்று மூன்று கட்டம். நாற்பது ஐம்பது படம் சேர்ந்ததும் கோப்பு கனத்துப்போய்த் திறக்கவே நேரம் பிடிக்கும். அதை ஜிப் செய்து ஆன்சைட்டுக்கு அனுப்பிவிட்டால் யூனிட் டெஸ்டிங் முடிந்ததாகக் கணக்கு. அனுப்பியவரோ பெற்றவரோ அதை மறுபடி திறந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்று அதே கேள்விக்குப் பதில் ஒற்றைக் கட்டளை. சோதனைகளும் நிரலாகவே எழுதப்பட்டு, சோதிக்கப்படும் நிரலுக்குப் பக்கத்து ஃபோல்டரில் இருக்கின்றன. ஒருவர் ஒரு வரியை மாற்றி அனுப்பியதும் எங்கோ ஒரு சர்வர் அதை எடுத்துக்கொண்டு, இரண்டாயிரம் மூவாயிரம் சோதனைகளை வரிசையாக ஓட்டி, காபி ஆறுவதற்குள் பச்சையா சிவப்பா என்று சொல்லிவிடுகிறது. சிவப்பு என்றால் அந்த மாற்றம் உள்ளே வராது. லீடரின் தாட்சண்யமும் ரிலீஸ் தேதியின் அவசரமும் அங்கே எடுபடக்கூடாது என்பது ஏற்பாடு. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. நிரலின் ஆகச் சிறிய பகுதியை, பெரும்பாலும் ஒரே ஒரு ஃபங்ஷனை, தனியே எடுத்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்ப்பது. ஆனால் வேர்டு கோப்பு, நிரல் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மாலை சரியாக ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. புதன்கிழமை காலை பக்கத்து வரியை யாராவது தொட்டால் அந்தச் சாட்சி காலாவதி. இன்றைய சோதனை, நிரலைத் தொடும் ஒவ்வொரு முறையும் மறுபடி கூண்டேறிச் சாட்சி சொல்கிறது.

எதிர்பார்க்கும் விடையை முதலில் எழுதி வைக்கும் யோசனை புதிதல்ல. டேனியல் மெக்ராக்கன் 1957-இல் வெளியிட்ட நிரலாக்கப் பாடநூலிலேயே அது இருக்கிறது: நிரல் எழுதத் தொடங்கும் முன்பே கையால் கணக்கிட்ட ஒரு மாதிரி விடை தயாராக இருக்க வேண்டும், அதை வாடிக்கையாளரே கணக்கிட்டுத் தந்தால் இன்னும் நல்லது, இருவருக்கும் இடையிலான தப்பர்த்தங்கள் அங்கேயே வெளிப்பட்டுவிடும் என்கிறார். அமெரிக்கா முதன்முதலாக மனிதரை விண்வெளிக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டத்தில் பணியாற்றிய ஜெரால்டு வைன்பெர்க், அங்கே அரை நாளுக்கு ஒரு சிறு பகுதி என்று நிரல் வளர்ந்ததையும், ஒவ்வொரு பகுதிக்கும் முன்பே சோதனைகள் எழுதப்பட்டதையும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்றைக்கு இதைப் புது வழிமுறை என்று சொல்லி இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

அந்தக் காலத்துக்கு அது கட்டாயம். இயந்திர நேரம் விலை உயர்ந்தது. மனித நேரம் மலிவு. 80 பத்திகள் கொண்ட துளை அட்டை ஒவ்வொன்றிலும் நிரலின் ஒரு வரி. சென்னை ஐ.ஐ.டி.யில் 1970-களில் ஐ.பி.எம். 370/155 இயங்கிய நாட்களில், அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சாகி வரும் தாளுக்காகக் காத்திருப்பதே நிரலாக்கம் கற்பது. ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அன்றைய முறை போய்விட்டது. ஆகவே அட்டையைக் கொடுக்கும் முன் நிரலை மேசையில் விரித்து, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் வரிக்கு வரி எழுதி, தானே இயந்திரமாகி ஓட்டிப் பார்ப்பார்கள். டெஸ்க் செக்கிங் என்று அதற்குப் பெயர். அப்படிப் பழகியவர்கள் நிரலை வாசித்த வாசிப்பு வேறு. ஒரு லூப்பைப் பார்த்ததும் அது கடைசி முறை சுற்றும்போது என்ன ஆகும் என்றுதான் அவர்கள் கண் முதலில் போகும்.

இயந்திரம் மலிவாக ஆக, சோதனை நிரலாளரின் மேசையை விட்டு வெளியேறியது. 1975-இல் ஃபிரெட் புரூக்ஸ், ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./360 அனுபவத்திலிருந்து ஒரு விகிதம் சொன்னார்: திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, மீதிப் பாதியும் சோதனைக்கு. அந்தப் பாதியில், மொத்த நேரத்தின் கால் பங்கு, உறுப்புகளைத் தனித்தனியே சோதிக்கவும் தொடக்கநிலை ஒருங்கிணைப்புக்கும். கடைசிக் கால் பங்கு, எல்லாம் ஒன்று சேர்ந்த பின் முழு அமைப்பையும் சோதிக்க. அந்தக் கடைசிக் கால் பங்கில்தான் திட்டங்கள் மூழ்கின. ஆறு மாதம் ஒழுங்காகப் போனதாகத் தோன்றிய வேலை ஏழாவது மாதம் திடீரென்று நின்றுபோகும். எந்தப் பகுதியில் கோளாறு என்று கண்டுபிடிக்கவே வாரங்கள் கரையும்.

1979-இல் கிளென்ஃபோர்டு மையர்ஸ் மென்பொருள் சோதனைக் கலை பற்றி எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே வேதமாக இருந்தது. தான் எழுதிய நிரலைத் தானே சோதிப்பதை நிரலாளர் தவிர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. காரணம் நியாயமானது: கட்டியவனுக்கு இடிக்க மனம் வராது. தேவையைத் தப்பாகப் புரிந்துகொண்டவர், அதே தப்போடுதான் சோதனையையும் எழுதுவார். இந்த விதியின்மேல்தான் டெஸ்டிங் என்ற தனித் தொழிலே எழுந்தது. சென்னையில் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு ஐ.டி. துறையின் முதல் கதவாக இருந்தது அந்தத் தொழில்தான். ஒரு பக்கம் டெவலப்மெண்ட் குழு, மறுபக்கம் டெஸ்டிங் குழு, நடுவில் பிழைப் பட்டியல். "இது பக் இல்லை, ரிக்வயர்மெண்டே இப்படித்தான்" என்று அங்கே நடந்த வாக்குவாதங்களின் நேரத்தைச் சேர்த்தால் ஒரு புதிய மென்பொருளே எழுதியிருக்கலாம்.

இந்தச் சுவரை உடைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக். சிறுவயதில் அப்பாவின் நிரலாக்கப் புத்தகம் ஒன்றில், உள்ளீட்டு நாடாவை எடுத்துக்கொண்டு, வர வேண்டிய விடை நாடாவைக் கையால் தட்டி வைத்து, நிரல் தரும் விடை அதோடு பொருந்தும் வரை நிரலைத் திருத்து என்று படித்தது மனத்தில் தங்கியதாக அவர் சொல்வதுண்டு. 1994-இல் ஸ்மால்டாக் மொழிக்காகச் சின்னதாக ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டார். 1997-இல் அட்லாண்டாவில் நடந்த ஊப்ஸ்லா நிரலாக்க மாநாட்டுக்கு அவரும் சக நிரலாளர் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து விமானத்தில் சென்றபோது, பொழுதுபோகாமல் ஒரே லேப்டாப்பில் இருவருமாக அதை ஜாவாவுக்கு மாற்றி எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட். பார்த்தால் பிரமிக்க ஒன்றுமில்லை. சில நூறு வரிகள். எல்லாச் சோதனையும் தேறினால் திரையில் ஒரு பச்சைக் கோடு நீளும், ஒன்று தவறினாலும் அது சிவப்பாகும். சில ஆண்டுகளுக்குள் பைத்தான், சி ஷார்ப், பி.எச்.பி. என்று பெயர்பெற்ற மொழிகள் எல்லாவற்றிலும் அதன் உறவுகள் பிறந்துவிட்டன. பைத்தான் 2001-இல் அதைத் தன் அடிப்படை நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது.

இந்தச் சோதனை வழிமுறையின் முதல் பெரிய களம் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு. 87,000 ஊழியர்களுக்கான பழைய அமைப்புகளுக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டது, 1997-இல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது, 2000-இல் கைவிடப்பட்டது. யூனிட் டெஸ்ட் பிரசாரகர்கள் இந்தக் கடைசி வரியை அதிகம் சொல்வதில்லை. நிர்வாகம், பணம், முன்னுரிமை என்று திட்டங்களைக் கொல்லும் காரணங்களுக்குச் சோதனை மருந்தாகாது என்பதற்கு இதுவே சான்று.

சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த ஈ.பி. பில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக விலை. 2022-க்குப் பிந்தைய கட்டண முறைப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள படிக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் பறிபோய்விடும். 500-க்கு வரும் பில்லும் 501-க்கு வரும் பில்லும் இருநூறு ரூபாய்க்கும் மேல் வித்தியாசப்படும்.

இந்தக் கணக்கைச் செய்யும் ஃபங்ஷனை எழுதுபவர், "500-க்கு மேல்" என்பதற்குப் பதில் "500 அல்லது அதற்கு மேல்" என்று ஒரு குறியைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரீன்ஷாட் காலத்தில் அவர் 80, 250, 700 என்று மூன்று எண்களைத் தட்டிப் பார்த்திருப்பார். மூன்றுக்கும் சரியான விடை. மூன்று படம், மூன்று பாஸ். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்காரர் மட்டும், ஏன் இவ்வளவு பில் என்று தெரியாமலே கட்டியிருப்பார். இன்று யூனிட் டெஸ்ட் எழுதப் பழகியவர் நடு எண்களை ஒன்றிரண்டோடு விட்டுவிட்டு ஓரங்களுக்குப் போவார்: 0, 100, 101, 500, 501. எதிரே, கையால் கணக்கிட்ட தொகை. ஐந்து சோதனை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரி, எல்லாம் ஓடி முடிய ஒரு நொடிகூட ஆகாது. அடுத்த கட்டண மாற்றம் வரும்போது, முன்பின் தெரியாத வேறொருவர் அந்த ஃபங்ஷனைத் திறப்பார். அவர் கை தவறி ஓரத்தை இடித்தால், 500-க்கான சோதனை சிவப்பாகி, எதிர்பார்த்த தொகை இது, வந்தது இது என்று வரி எண்ணோடு சொல்லும்.

யூனிட் டெஸ்டின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் கை காட்டுவது இந்த முன்பின் தெரியாதவரைத்தான். பிழை பிடிப்பது அதன் முதல் நாள் வேலை, அது சின்னது. ஐந்து வருடம் கழித்து, எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு, நிரலைத் தொடத் துணிவு தருவதுதான் அதன் பெரிய வேலை. முன்பு ஒவ்வொரு நிறுவனத்திலும் யாரும் தொடாத ஒரு ஃபைல் இருக்கும். "ஓடுது இல்ல, விடு" என்பது அதன் காவல் வாசகம். நாலாயிரம் வரி, ஆறு பேர் கைபட்டது, எதைத் தொட்டால் எது உடையும் என்று சொல்ல ஆளில்லை. புதிய தேவை வந்தால் அதன் நடுவே இன்னொரு இஃப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் பழைய நிரலைக் கையாள்வது பற்றி எழுதிய நூலில், சோதனைகள் இல்லாத நிரல் எதுவானாலும் அது பழைய நிரல்தான் என்று வரையறுத்தார். அந்தக் கணக்கில், நேற்று மாலை எழுதியதும் பழையதாக இருக்கலாம்.

துணிவு இலவசமாக வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் மூன்று குழுக்களையும் ஐ.பி.எம்.மின் ஒரு குழுவையும் எடுத்துக்கொண்டு நாச்சியப்பன் நாகப்பன் உள்ளிட்ட நால்வர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் தருகிறது. சோதனையை முதலில் எழுதிப் பிறகு நிரல் எழுதிய அந்தக் குழுக்களில், அப்படிச் செய்யாத ஒத்த திட்டங்களைவிட, வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. தொடக்க மேம்பாட்டுக்கு ஆன நேரமோ, நிர்வாகிகளின் மதிப்பீட்டில், 15 முதல் 35 சதவீதம் கூடியிருந்தது. பத்து நாள் வேலை பன்னிரண்டு, பதின்மூன்று நாளாகும். பில்லிங் மணிக்கணக்கில் இருக்கும் தொழிலில் அந்தக் கூடுதல் நாட்களை வாடிக்கையாளரிடம் கேட்க ஒரு லீடருக்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது, கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிச்சமாகும் பிழைகள் பின்னால் யாரோ ஒருவருடைய பட்ஜெட்டில் மிச்சமாகும். கூடும் நாட்கள் இன்றைக்கு இவருடைய தலையில்.

பரவியது மெதுவாகத்தான். எழுதிய சோதனைகளைத் தானே ஓட்டும் சர்வர்கள் வந்த பிறகே பழக்கம் ஊன்றியது: 2001-இல் குரூஸ்கண்ட்ரோல், 2005-இல் ஹட்சன், 2011-இல் அதுவே ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. கூகுள் போன்ற இடத்திலேயே பொறியாளர்களைச் சம்மதிக்க வைக்கக் கழிப்பறைச் சுவர்களில் ஒரு பக்கக் குறிப்புகளை ஒட்ட வேண்டியிருந்தது. 2006-இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு 'டெஸ்டிங் ஆன் தி டாய்லெட்' என்றே பெயர். வேறு எங்கும் படிக்க நேரமில்லாதவர்களை அங்கே பிடித்தார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லைக்கல் எஸ்கியூலைட். உங்கள் கைப்பேசியில் தொடர்புகள், செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேமிக்கப்படுவது இந்தச் சிறு தரவுத்தளத்தில்தான். ரிச்சர்டு ஹிப் 2000-இல் வெளியிட்டார். இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே அதைப் பராமரிக்கிறார்கள். 2023-இல் வந்த 3.42 பதிப்பின் கணக்குப்படி மூல நிரல் சுமார் 1,56,000 வரி; அதைச் சோதிக்கும் நிரல் சுமார் 9.2 கோடி வரி. ஒரு வரிக்கு 590 வரி. விமான மென்பொருளுக்கு வகுக்கப்பட்ட தர விதிகளிலிருந்து எடுத்துக்கொண்ட அளவுகோலின்படி, நிரலின் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு நிபந்தனையும் 2009 முதல் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. இந்த 9.2 கோடியும் யூனிட் டெஸ்ட் ஆகாது. பலவகைச் சோதனைகள் கலந்தது. ஆனாலும் நான்கைந்து பேர், கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் நிரலை வருடந்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க முடிகிறது என்றால் அந்தக் கணக்கில்தான்.

மறுகோடிக்கு ஆப்பிள். 2014 பிப்ரவரியில் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வந்தது. இணையத்தில் எதிரே இருப்பது உண்மையான வங்கிதானா என்று சரிபார்க்கும் ஃபங்ஷனில், "கோட்டூ ஃபெயில்" என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது, மேலே உள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடி, கடைசிச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதித்து, வெற்றி என்றே பதில் சொன்னது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பத்தியில் ஒழுங்காக நிற்கும். கூகுளில் சோதனைப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான மைக் பிளாண்ட் இதைப் பிரித்துப் பார்த்து, தப்பான கையொப்பத்தைக் கொடுத்துத் தோல்வி வருகிறதா என்று பார்க்கும் ஒரு சாதாரண யூனிட் டெஸ்ட் இதைப் பிடித்திருக்கும் என்று காட்டினார். இன்னொன்றையும் சுட்டினார்: அதே சரிபார்ப்பு வரிகள் ஒரே கோப்பில் ஆறு இடத்தில் நகலாகி இருந்தன. சோதனை எழுத உட்கார்ந்தவர் ஆறையும் தனித்தனியே சோதிக்கச் சலித்து, ஒன்றாக்கியிருப்பார்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. டெஸ்க் செக்கிங் பழகிய பழைய ஆள் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பென்சிலோடு வாசித்திருந்தாலும் அந்த இரண்டாவது வரி மாட்டியிருக்கும். அந்த வாசிப்பு போய்விட்டது. ஒரு முறை ஓட்ட ஒரு நாள் ஆன காலத்தில் ஓட்டும் முன் யோசித்தோம். ஒரு நொடியில் ஓடும் காலத்தில், ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரல் முந்திக்கொள்கிறது. சிவப்பு வந்தால் ஒரு குறியை மாற்றி மறுபடி ஓட்டுவது, பச்சை வரும் வரை இப்படியே தட்டிக்கொண்டிருப்பது என்ற பழக்கத்தை இளம் நிரலாளர்களிடம் பார்க்கிறேன். ஏன் பச்சையானது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

டெஸ்டரும் போய்க்கொண்டிருக்கிறார். 1990-களில் மைக்ரோசாஃப்டில் ஒரு டெவலப்பருக்குக் கிட்டத்தட்ட ஒரு டெஸ்டர் என்ற விகிதம் இருந்தது. 2014 வாக்கில் பல குழுக்களில் இரண்டு பணிகளும் ஒன்றாக்கப்பட்டன. எழுதுபவரே சோதிக்க வேண்டும். மையர்ஸின் விதி தலைகீழானது. சென்னையிலும் மேனுவல் டெஸ்டர் என்ற வேலை சுருங்கிவிட்டது. ஆட்டோமேஷன் தெரியுமா என்பதே நேர்முகத்தின் முதல் கேள்வி. சுவர் இடிந்ததில் பழைய வாக்குவாதங்களும் மாதக்கணக்கில் இழுத்த பிழைப் பட்டியலும் போனது லாபம். ஆனால் ஒரு நல்ல டெஸ்டரின் மூக்கு தனி. ஈ.பி. பில் கணக்குக்கே திரும்பினால், எழுதியவர் 0, 100, 101 என்று ஓரங்களைச் சோதித்துவிட்டார். பழைய டெஸ்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மீட்டரை மாத்தின மாசத்துல என்ன சார் ஆகும்?" என்று கேட்பார். புது மீட்டர் சுழியிலிருந்து தொடங்கும். பழைய ரீடிங் பெரிய எண். கழித்தால் மைனஸ் யூனிட். எழுதியவர் மனத்தில் மீட்டர் ஒருபோதும் மாறுவதே இல்லை. அவர் நினைக்காததை அவரே எழுதிய சோதனை எப்படிக் கேட்கும்?

பச்சைக்கோடே இலக்காகிப்போன கதையும் உண்டு. நிரலின் எத்தனை சதவீத வரிகளைச் சோதனைகள் தொட்டன என்று எண்ணும் கருவி வந்தது. நிர்வாகத்துக்கு எண் கிடைத்தது. 80 சதவீதம் இல்லாவிட்டால் ரிலீஸ் இல்லை என்று ஆணை வந்தது. ரிலீஸுக்கு முந்தைய இரவு 62-இல் நிற்கும் எண்ணை 80-க்கு ஏற்ற என்ன செய்வார்கள்? ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, விடையைச் சரிபார்க்காமலே முடியும் சோதனைகளை எழுதுவார்கள். வரி தொடப்பட்டது, எண் ஏறியது, எதுவும் சோதிக்கப்படவில்லை. ஸ்க்ரீன்ஷாட் ஒட்டியவராவது விடையைக் கண்ணால் பார்த்தார்.

ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன், சோதனையை முதலில் எழுதும் முறை செத்துவிட்டது என்று 2014-இல் அறிவித்தபோது அவருடைய புகாரின் சாரம் இதற்கு அருகில்தான் இருந்தது: தனித்துச் சோதிக்க வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, தேவையில்லாத அடுக்குகளைச் சேர்த்துக் கெடுக்கிறோம். பெக்கும், மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலரும், ஹான்சனும் அதைப் பற்றித் தொடர்ந்து உரையாடினார்கள். சோதனை வேண்டாம் என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. எவ்வளவு, எந்த அளவில், எப்போது என்பதில்தான் வேறுபட்டார்கள். என் கட்சி பெக் பக்கம், ஆனால் ஹான்சனின் புகார் உண்மையாகும் ப்ராஜெக்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சோதனையை எழுதுவதும் மனிதரில்லை. ஃபங்ஷனைக் காட்டி, இதற்கு யூனிட் டெஸ்ட் எழுது என்றால் செயற்கை நுண்ணறிவுக் கருவி அரை நிமிடத்தில் இருபது சோதனை தருகிறது. ஒழுங்கான பெயர்கள், ஓரங்கள், மைனஸ் எண்ணும்கூட. முன்பு ஒரு பிற்பகல் தின்ற வேலை. சோதனை எழுத நேரமில்லை என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த சாக்கு இதோடு தீர்ந்தது. ஆனால் அந்தக் கருவி பல நேரம் எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள்: நாம் காட்டிய நிரலிலிருந்தே. "500 அல்லது அதற்கு மேல்" என்று தப்பாக எழுதிய ஃபங்ஷனைக் காட்டினால், 500 யூனிட்டுக்குக் கூடுதல் பில் வருவதே சரி என்று ஒரு சோதனை எழுதி, அதைப் பச்சையாகவும் காட்டும். அதன்பின் ஒருவர் பிழையைத் திருத்தினால் அவருக்குத்தான் சிவப்பு விழும்.

ஆகவே கருவியைப் பயன்படுத்துங்கள், தயக்கம் வேண்டாம். எதிர்பார்க்கும் விடையை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். கட்டண ஆணையையோ தேவை ஆவணத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, நிரலைப் பார்க்காமல், ஓரங்களுக்கான நான்கைந்து விடைகளைத் தாளில் கையால் கணக்கிட்டுவிட்டு, அதன்பின் சோதனையை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து இருக்கையில் பழைய டெஸ்டர் யாராவது இன்னும் இருந்தால், அந்தத் தாளை அவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.